எம்ப்டி ரெய்டையும் பாருங்கள்: கபடித் தேர்வாளர்களுக்குப் பெண்ணாடத்திலிருந்து ஒரு திறந்த மடல்

புரோ கபடி அணிகளுக்காக இளம் வீரர்களைத் தேடும் மதிப்பிற்குரிய தேர்வாளர்களே, பயிற்சியாளர்களே,

விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் நடுவே, வெள்ளாற்றங்கரையில் இருக்கும் பெண்ணாடத்திலிருந்து எழுதுகிறேன். சுற்றிலும் கரும்புக் காடு. இறையூர், தாழநல்லூர், சௌந்தரசோழபுரம், முருகன்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் மாலையில் பையன்கள் கோடு போட்டுக் கபடி ஆடிக்கொண்டிருப்பார்கள். இந்த வட்டாரத்து இரவுப் போட்டிகளில் நடுவராக விசில் பிடித்தவன் என்ற ஒரே தகுதியில் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஏலத்துக்கு முன்பும் நீங்கள் புதுமுகங்களைத் தேடுகிறீர்கள். கோடிகளில் விலைபோகும் நட்சத்திரங்களைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய ஒவ்வொரு ஆட்டமும் பதிவில் இருக்கிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில், கல்லூரி அணிக்கோ மாவட்ட அணிக்கோ ஆடிக்கொண்டிருக்கும் ரெய்டரை எடைபோடுவதுதான் கஷ்டம். அந்தப் பையனைப் பற்றித்தான் பேச வந்தேன். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அவன் எடுத்த புள்ளியை எண்ணுவதோடு நிற்காதீர்கள். அவன் எடுத்த முடிவுகளைப் பாருங்கள். எப்போது உள்ளே போகிறான், எப்போது பாக் லைனைத் தாண்டியதோடு திரும்புகிறான், ஏன் திரும்புகிறான் என்று பாருங்கள்.

சமீபத்திய ஒரு இரவுப் போட்டியில் பார்த்ததைச் சொல்கிறேன். 30 விநாடிக் கணக்கு வைத்து நடத்திய ஆட்டம். கடைசி ஒரு நிமிடம் இருக்கும்போது ஒரு அணி இரண்டு புள்ளி முன்னிலை. அந்த அணியின் ரெய்டர், மெலிந்த தேகம், கல்லூரி முதலாமாண்டு. டூ ஆர் டை ரெய்டு இல்லை. எதிரே ஆறு பேர் நின்றதால் போனஸும் இருந்தது. கூட்டம் முழுக்க “போனஸ் எடு, போனஸ் எடு” என்று கத்துகிறது. அவன் பாக் லைனைத் தெளிவாகத் தாண்டினான். வலது கார்னர் போனஸ் கோட்டுக்குப் பக்கத்தில் காலைத் தளர்த்தி நின்று அவனை அழைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கமே போகாமல் கவரையும் கார்னரையும் கண்ணால் கட்டிப்போட்டபடி இடமும் வலமுமாக நகர்ந்தான். பாட்டு விடவில்லை. 27, 28 விநாடி வரை நின்றுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினான். “பயந்து ஓடி வந்துட்டான்” என்று சத்தம். ஆனால் பாதி நேரம் கரைந்துவிட்டது. எதிரணிக்கு ஒரே ஒரு ரெய்டுதான் மிச்சம். அதில் அவர்களுக்கு ஒரு புள்ளிதான் கிடைத்தது.

ஸ்கோர் ஷீட்டில் அந்த ரெய்டுக்கு நேரே பூஜ்யம். அந்தத் தாளை மட்டும் வாங்கிப் பார்க்கும் தேர்வாளருக்கு அந்தப் பையன் ஒரு எம்ப்டி ரெய்டு போனவன். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அணியை ஜெயிக்க வைத்ததே அந்த ரெய்டுதான். அந்த வயதில், அந்தச் சத்தத்துக்கு நடுவில், மணியையும் ஸ்கோரையும் எதிரே நிற்பவர்களின் கால்களையும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்ட மூளை அது.

புள்ளிக் கணக்கு எப்படி ஏமாற்றும் என்பதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் விளையாட்டில் அவுட்டான ரெய்டர் தானாகத் திரும்பி வர முடியாது. அவனுடைய அணி யாரையாவது தொட்டாலோ, எதிரணி ரெய்டரைப் பிடித்தாலோதான் பெரும்பாலும் உள்ளே வருவான். போனஸ் எடுத்தால் ஆள் உள்ளே வராது. பிடி ஆட்டம் பலமாக உள்ள அணியில் ரெய்டர் அவுட்டானாலும் அடுத்த நிமிடமே களத்தில் இருப்பான். நல்ல கார்னர் இல்லாத அணியில் அதே திறமையுள்ள பையன் வெளியே உட்கார்ந்தே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருவன் 24 ரெய்டு போய் 14 புள்ளி எடுக்கிறான், இன்னொருவன் 11 ரெய்டு போய் 8 புள்ளி எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பரிசு முதலாமவனுக்குப் போகும். ரெய்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் இரண்டாமவன் மேலே இருப்பான். நம் ஊர்ப் போட்டிகளில் எத்தனை ரெய்டு போனான் என்று குறித்து வைப்பவர்கள் குறைவு. நீங்கள் வந்தால் முதலில் அதைக் குறியுங்கள்.

அடுத்து, யாருக்கு எதிராக எடுத்த புள்ளி என்று கேளுங்கள். முதல் சுற்றில் பக்கத்து ஊர் புதுப் பையன்கள் அணிக்கு எதிரே சூப்பர் டென் எடுப்பது ஒன்று; போலீஸ் அணியிலோ ரயில்வே அணியிலோ ஆடும் அனுபவசாலி கார்னரில் நிற்கும்போது நான்கு புள்ளி எடுப்பது வேறு. அந்த நான்கிலும் எத்தனை போனஸ், எத்தனை தொடுபுள்ளி என்று பிரியுங்கள். போனஸ் எடுப்பதும் கலைதான். ஆனால் எதிரே ஆள் ஐந்தாகக் குறைந்த பிறகு போனஸ் கிடையாது. அப்போது தொட்டுத்தான் ஆக வேண்டும். கரும்பை ஆலைக்குள் கொண்டுபோனால் பார்ப்பது பிழிதிறனைத்தான், கழியின் உயரத்தை அல்ல என்று எங்கள் விவசாயிகள் ஒவ்வொருவருக்கும் தெரியும். ரெய்டரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ரெய்டரின் முடிவெடுக்கும் திறன் வெளிப்படும் இடங்கள் மூன்று. முதலாவது டூ ஆர் டை ரெய்டு. அணி தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பிய பிறகு மூன்றாவதில் புள்ளி எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட். எதிரணிக்கும் அது தெரியும் என்பதால் ஏழு பேரும் விழிப்போடு நிற்பார்கள். பதறும் பையன் முதல் ஐந்து விநாடியிலேயே பாய்ந்து கார்னர் கையில் காலைக் கொடுப்பான். தெளிவான பையன் இருபது விநாடி வரை அவர்களை நகர வைப்பான். யாராவது ஒருவர் அவசரப்பட்டு முன்னே வரும் வரை காத்திருப்பான். அந்தப் பொறுமையைச் சொல்லிக்கொடுக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். சிலரிடம் அது இயல்பாகவே இருக்கிறது.

இரண்டாவது, தன் அணியில் இரண்டு பேர் மட்டும் மிச்சமிருக்கும் நேரம். ஆல் அவுட் ஆனால் எதிரணிக்கு இரண்டு புள்ளி கூடுதலாகப் போகும். அப்போது ரெய்டு போகிறவன் தனக்காகப் புள்ளி தேடுகிறானா, அணியைக் காப்பாற்றுகிறானா என்பது இரண்டே ரெய்டில் தெரிந்துவிடும்.

மூன்றாவதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். பிடிபட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறான் அல்லவா, அப்போது அவனைப் பாருங்கள். களத்தை விட்டுக் கண்ணை எடுத்துவிட்டு உங்கள் பார்வையை அந்தக் கோட்டோரம் திருப்புங்கள். தலையைத் தொங்கப் போட்டிருக்கிறானா, கூட்டாளியோடு சண்டை போடுகிறானா, இல்லை தன்னைப் பிடித்த ஆளையே கவனித்துக்கொண்டிருக்கிறானா? ஒரு பையனை இடது கார்னர் கணுக்காலில் பிடித்துச் சாய்த்தார். வெளியே உட்கார்ந்த நேரம் முழுக்க அவன் அந்தக் கார்னரின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பாய்வதற்கு முன்னால் அவர் அந்தக் குதிகாலை லேசாகத் தூக்குகிறார் என்று கண்டுகொண்டான். உள்ளே வந்ததும் அதே கார்னருக்கே போனான். குதிகால் எழுந்த கணத்தில் தன் காலைப் பின்னுக்கு இழுத்தான். அவர் வெறும் மண்ணில் விழுந்தார். முதுகில் கையை வைத்துவிட்டுத் திரும்பினான். அந்த ஒரு புள்ளிக்கு முன்னால் நடந்த மூன்று நிமிடப் படிப்பு எந்தத் தாளிலும் பதிவாவதில்லை.

விலையையும் பெயரையும் நம்பி ஏமாந்த கதைகளும், பெயரில்லாதவன் கைகொடுத்த கதைகளும் உங்கள் லீக்கிலேயே இருக்கின்றன. 2017இல் குஜராத் அணியில் இருந்த பவன் செஹ்ராவத்துக்கு அதிக வாய்ப்பு கிடைக்கவில்லை. அடுத்த பருவத்தில் பெங்களூரு புல்ஸுக்குப் போனார். 271 ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார். 2019 ஜனவரியில் நடந்த இறுதிப் போட்டியில் அதே குஜராத்துக்கு எதிராக 22 ரெய்டுப் புள்ளிகள் எடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஆள் அதே ஆள்தான். பார்த்தவர்களின் கண் மாறியது, களத்தில் அவருக்குக் கொடுத்த இடம் மாறியது.

2022இல் அதே பவனை 2.26 கோடி ரூபாய்க்கு நம் தமிழ் தலைவாஸ் எடுத்தது. அதுவரை லீக்கில் யாருக்கும் போகாத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுக்க அவர் ஆட முடியவில்லை. அணியைத் தோளில் சுமந்தது நரேந்தர் என்ற புதுமுகம். முதல் பருவத்திலேயே 243 ரெய்டுப் புள்ளிகள். தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது அந்த ஆண்டுதான். காயம் யார் கையிலும் இல்லை. பவனை எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதுமுகத் தேர்வை ஏலத்தின் ஓரத்து வேலையாக நினைக்கும் அணி எதை இழக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் ஊர்ப் பையன்களின் கதையும் இருக்கிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த வி. அஜித் குமார் 2019இல் தமிழ் தலைவாஸில்தான் அறிமுகமானார். அடுத்த பருவத்தில் அவரை முன்னணி ரெய்டர்களில் ஒருவராக்கிக்கொண்டது யு மும்பா. அதற்கடுத்த பருவத்தில் ஜெய்ப்பூர் அணி கோப்பை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். வயதைப் பார்த்து ஒதுக்காதீர்கள் என்பதற்குத் தர்மராஜ் சேரலாதன் இருக்கிறார். தஞ்சை மண்ணில் வளர்ந்த அந்தப் பிடி ஆட்டக்காரர் நாற்பதைத் தாண்டிய வயதில், 2016இல், பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கினார். அதற்கும் முன்னால், தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றார். கிராமத்து மண் ஆள் தரும் என்பதற்கு இனிமேல் யாரும் சாட்சி கேட்கக் கூடாது.

கடல் தாண்டியும் இதே பாடம்தான். அமெரிக்காவில் ஃபுட்பால் என்று அவர்கள் சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் ஆட்டம். அதில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை. எதிரிகள் பாய்ந்து வரும் இரண்டு மூன்று விநாடிக்குள் பந்தை யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். கல்லூரி வீரர்களை அணிகள் வரிசை முறையில் எடுத்துக்கொள்ளும் ‘டிராஃப்ட்’ ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. அதற்கு முன் இண்டியானாபொலிஸ் நகரத்தில் ஓட வைத்து, தாண்ட வைத்து, உயரம் எடை அளந்து சோதிக்கிறார்கள். இவ்வளவு அளந்தும் 2000ஆம் ஆண்டில் டாம் பிரேடி என்ற குவார்ட்டர்பேக்கை 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். ஓட்டத்தில் மெதுவானவர், உடம்பு கட்டுமஸ்தாக இல்லை என்பது குறிப்பு. அவர் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை ஏழு முறை வென்றார். 1998இல் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்ட ரயன் லீஃப், உடற்கட்டும் எறியும் வலுவும் இருந்தும் சில ஆண்டுகளிலேயே லீக்கை விட்டுப் போனார். 2022இல் கடைசி ஆளாக, 262ஆவதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி இரண்டே ஆண்டில் தன் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். காலின் வேகத்தைக் கடிகாரம் காட்டிவிடும். நெருக்கடியில் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை ஆட்டத்தில்தான் பார்க்க முடியும்.

இனி எங்கள் பையன்களுக்கே உரிய ஒரு சிக்கல். அவர்கள் மண்ணில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவர்கள். உங்கள் தேர்வு ‘மேட்’ விரிப்பில், ஷூவோடு நடக்கிறது. மண்ணில் திரும்பும்போது கால் கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கலையே பையன்கள் பயன்படுத்திக் கணுக்காலை உருவிக்கொண்டு வருவார்கள். மேட்டில் ஷூ ஒட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. முதல் நாளே அப்படி ஆட வைத்தால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். சிலருக்கு முழங்கால் திருகிக்கொள்ளும். டோ டச் எடுக்கும் தூரமும் மாறிவிடும். கடலூர் அண்ணா விளையாட்டரங்கம், நெய்வேலி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று போய்ப் பயிற்சி எடுக்க முடிகிற பையன் தப்பித்துக்கொள்வான். எங்கள் பக்கத்தில் கரும்பு வெட்டுக்குப் போய்விட்டு மாலையில் ஆட வருகிறவனுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு வாரம் மேட்டில் ஆடினால் சரியாகிவிடும் குறை அது. அதைத் திறமைக் குறைவு என்று எழுதிவிடாதீர்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் எங்கள் நாக்-அவுட் போட்டியில் அரையிறுதி விடியற்காலை நான்கு மணிக்கு நடக்கும். அதற்குள் ஒரு பையன் மூன்று ஆட்டம் ஆடியிருப்பான். நான்காவதில் அவனைப் பாருங்கள். கால் தளரும்போது பெரும்பாலானவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரே பக்கமாகத்தான் போவார்கள். அந்த நேரத்திலும் இரண்டு பக்கமும் போகிறவன் உங்களுடைய நீண்ட பருவத்தைத் தாங்குவான். அதே சமயம், பரிசுப் பணத்துக்காக வீங்கிய முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடும் பையன்களும் இருக்கிறார்கள். எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். குறை தெரிந்தால் அதை அவனுக்கும் அவன் வீட்டுக்கும் சொல்லுங்கள். ஒதுக்கிவிட்டு மட்டும் போனால் அவன் அதே காலோடு அடுத்த போட்டிக்குப் போவான்.

ஒருநாள் தேர்வு முகாமைப் பற்றியும் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முந்தின இரவு முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே பயணம் செய்து, காலையில் ஒரு டீயோடு வரிசையில் நிற்கும் பையனுக்கு மதியம் மூன்று மணிக்கு வாய்ப்பு வருகிறது. மூன்று ரெய்டு, அதுவும் முன்பின் தெரியாத ஆறு பேரோடு. அந்த மூன்றில் ஒன்றில் பிடிபட்டால் கதை முடிந்தது. ரெய்டர் தனி ஆள் இல்லை. பின்னால் நிற்கும் அணியை நம்பித்தான் உள்ளே போகிறான். இப்படிப்பட்ட முகாமில் துணிச்சலும் அதிர்ஷ்டமும் தெரியும். முடிவெடுக்கும் திறன் தெரியாது. அதைவிட வேதனையானது, “இவ்வளவு கொடுத்தால் பட்டியலில் பெயர் வரும்” என்று பெற்றோரிடம் பேசும் தரகர்கள். கடன் வாங்கிக் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. தேர்வுக்குக் காசு கிடையாது என்று ஒவ்வொரு அணியும் தமிழில், கொட்டை எழுத்தில், வெளிப்படையாக அறிவித்தால் பாதித் தரகர்கள் காணாமல் போவார்கள்.

பெண் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். சென்னை கண்ணகி நகரிலிருந்து புறப்பட்ட கார்த்திகா 2025இல் பஹ்ரைன் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். அதே போட்டியில் வடுவூர் அபினேஷ் ஆண்கள் அணியில் தங்கம் வாங்கினார். மகளிருக்கென்று முழுமையான லீக் வரும் நாளுக்காகக் காத்திருக்காமல் இப்போதே அவர்களின் ஆட்டங்களையும் பதிவு செய்து வைக்க வேண்டும். கண்டெடுக்கும் வேலை லீக் தொடங்கிய பிறகு தொடங்கினால் ஐந்து வருடம் வீணாகும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதான். தேர்வு முகாமை இரண்டு நாளாக்குங்கள். முதல் நாள் மேட்டும் ஷூவும் பழக. பையன்களை அவரவர் அணியோடு சேர்த்து ஆட வைத்துப் பாருங்கள். பொங்கல் நாட்களிலும் கோயில் திருவிழா நாட்களிலும் நடக்கும் ஊர்ப் போட்டிகளுக்கு ஆள் அனுப்புங்கள். ரெய்டு எண்ணிக்கை, எதிரே நின்றவர் யார், ஸ்கோர் என்ன, எத்தனை விநாடி மிச்சம் என்ற நான்கையும் குறிக்கச் சொல்லுங்கள். ஒருவனை ஒருமுறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜெயித்த ஆட்டம் ஒன்று, தோற்ற ஆட்டம் ஒன்று என்று இரண்டையாவது பாருங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தால் காரணத்தை அவன் முகத்துக்கு நேரே இரண்டு வரியில் சொல்லுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி அப்பா அம்மாவை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். கல்லூரியில் படிக்கிறவன் என்றால் படிப்பை முடிக்க வழி செய்யுங்கள். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. உரிய படிப்பும் சான்றிதழும் இல்லாதவனுக்கு அந்தக் கதவு திறக்காது. லீக் வாழ்க்கை பத்து வருடம் போனாலே பெரிது.

எங்கள் பங்குக்கு நாங்களும் சும்மா இருக்கப் போவதில்லை. இந்த வட்டாரத்துப் போட்டி நடத்துகிறவர்களிடம் ரெய்டு வாரியாகக் குறிப்பேடு வைக்கும்படி பேசி வருகிறோம். இரண்டு மூன்று ஊரில் பையன்களே செல்போனில் முழு ஆட்டத்தையும் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். சிறப்பான ரெய்டை மட்டும் வெட்டி ஒட்டாமல், பிடிபட்டதையும் எம்ப்டி ரெய்டையும் சேர்த்து முழுசாக வைத்திருங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறோம். உங்களில் யார் கேட்டாலும் தருவோம். காசு வேண்டாம். வந்து பார்ப்பதற்குப் பெண்ணாடம் ரயில் நிலையத்தில் இறங்கினால் போதும். களத்துக்கு நாங்களே அழைத்துப் போகிறோம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் ஒரு பையனைத் தவறாக எடைபோட்டால் உங்கள் அணிக்கு ஒரு பருவம் நஷ்டம். அடுத்த ஏலத்தில் சரிசெய்துகொள்ளலாம். அவனுக்கு அது பெரும்பாலும் ஒரே வாய்ப்பு. தவறினால் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போய்விடுவான், பிறகு களத்துக்கு வரமாட்டான். ஆகவே அவனுக்காக இன்னும் ஒரு ஆட்டம் கூடுதலாக உட்கார்ந்து பாருங்கள். அந்த நேரத்தை நீங்கள் கொடுத்தால், பதிலுக்கு அணிக்கு முடிவெடுக்கத் தெரிந்த ரெய்டர் கிடைப்பான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
பெண்ணாடம் வட்டாரக் கபடி நடுவர் ஒருவர்